இரண்டும் வெள்ளை

வீணாவுக்கு இருபது வருஷமாகச் சம்பளம் வருவதே சந்தேகப்படுவதற்குத்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவி. ஒரு புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது என்று எழுதியவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், அது எங்கே உடையும் என்று தேடிக் கண்டுபிடிப்பது அவள் வேலை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவாள். எந்தச் சோதனை எப்படிச் செய்தாலும் பாஸ் என்றே வருமோ, அது சோதனை இல்லை, ஊரை ஏமாற்றும் வேலை. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரியும். தெரியட்டும். அந்தப் பெருமை எப்படி இறங்கியது என்பதைச் சொல்லத்தான் நானும் வந்திருக்கிறேன்.

அவளுடைய அண்ணன் கோவிந்தப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தொம்மலூரில், ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய ஊருக்குள் வீடு. கம்பெனி கேப் ஓட்டுகிறவர். போன மாதம் மேம்பாலத்தில் போகும்போது நெஞ்சை அழுத்திப் பிடித்தது. அவர் பதறவில்லை. பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, பின்னால் இருந்த நாலு பேரையும் வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்புறம்தான் தங்கைக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள்.

நம் ஊரில் நோய் ஒருவருக்கு, விவரம் இன்னொருவருக்கு. டாக்டர் கோவிந்தப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு வீணாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இருபது நிமிஷம் பேசினார். ஆபரேஷன் செய்யாமல் விட்டால், இந்த நிலைமையில் இருப்பவர்களில் பாதிப் பேர் இரண்டு வருஷத்தைத் தாண்டுவதில்லை. செய்தால், அவருக்கு இருக்கும் சர்க்கரைக்கு, நூறு பேரில் ஆறு பேர் மேஜையிலோ அதற்கடுத்த நாட்களிலோ போய்விடலாம். வீணாவுக்குக் கணக்கு உடனே புரிந்தது. ஐம்பது பெரிதா, ஆறு பெரிதா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வெளியே வந்து அண்ணனிடம், "ஒண்ணுமில்லண்ணா. சின்ன ஆபரேஷன்தான். பத்து நாள்ல எழுந்து நடப்ப" என்றாள்.

கோவிந்தப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா. அம்மனை ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

அதோடு மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி ஒன்று போய், இரண்டாவதும் போயிற்று. அண்ணி லட்சுமம்மா தினமும் போன் செய்து அழுதாள். கோவிந்தப்பா ஆடி முடியட்டும் என்றார், அமாவாசை போகட்டும் என்றார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பூ கேட்கலாம் என்று முடிவு செய்தார். பூப் பொட்டலம் கட்டுவதற்கு வீணா வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அவர்கள் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த எல்லம்மா கோவில் அது. ஒரு சந்து முனையில், ஜிம்முக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருக்கிறது. அங்கே பூ கேட்கும் முறை இது: கேட்கிறவரின் உடன்பிறந்த பெண் ஒருத்தி மறைவாக உட்கார்ந்து, வாழையிலைத் துண்டு ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டையும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்து மடித்து, நாரால் கட்டித் தட்டில் வைக்க வேண்டும். பூசாரி தட்டை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டுவார். கேட்கிறவர் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே மரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

வீணாவுக்கு வயிறு எரிந்தது. ஒரு மனுஷனுடைய இதயத்தை இரண்டு இலைப் பொட்டலத்தில் கட்டுவதா? காசைச் சுண்டிப் போட்டு ஆபரேஷனா இல்லையா என்று பார்ப்பதும் இதுவும் ஒன்றுதானே? அண்ணனிடம் நேரடியாகச் சண்டை போட்டுப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம காலைல ஏழு மணிக்கு வந்துடு" என்றார்.

கோவிலின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய் அருகே உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். பூக்கூடையில் இரண்டு நிறமும் இருந்தன. முதல் இலையில் ஒரு நந்தியாவட்டையை வைத்துக் கட்டினாள். இரண்டாவது இலையை விரித்தவள் செவ்வரளியைக் கையில் எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அதைக் கூடையிலேயே போட்டுவிட்டு இன்னொரு நந்தியாவட்டையை எடுத்து வைத்துக் கட்டினாள். யாரும் பார்க்கவில்லை. டீமில் எவனாவது இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்திருந்தால் அவனை உட்கார வைத்து அரை மணி நேரம் அர்ச்சனை செய்திருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அது தோன்றவே இல்லை. அண்ணன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது.

பூசாரி சஞ்சய் தட்டை வாங்கிப் போய் வைத்தார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சில் பாதி கன்னடம். கற்பூரம் எரிந்து அடங்கியது. கோவிந்தப்பா கண்ணை மூடி வெகு நேரம் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கையை நீட்டி வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மூன்று வாரமாக இறுகிக் கிடந்த தோள்கள் தளர்ந்தன. பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏமாற்றினால்தான் என்ன, அண்ணனுக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று வீணா நினைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடறேண்ணா" என்றாள்.

"பண்ணிடு. வேணாம்னு சொல்லிடு."

"என்ன வேணாம்?"

"ஆபரேஷன்தாம்மா. இது இல்லாம இப்படியே விட்டுடலாமா தாயேன்னு கேட்டேன். விட்டுடுன்னு குடுத்துட்டா." கோவிந்தப்பா செல்போனை எடுத்தார். "திங்கக்கெழமைலேந்து டூட்டிக்கு வரேன்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லிடறேன். வீட்ல சும்மனே உக்காந்து பேஜாராப் போச்சு."

வீணா கேள்வி என்னவென்று தெரியாமலேயே பதிலை எழுதி வைத்திருக்கிறாள். இருபது வருஷ அனுபவம், ஒரு டீமுக்குத் தலைவி! என்ன கேட்கப் போகிறார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லை. 'ஆபரேஷன் பண்ணிக்கலாமா' என்றுதான் கேட்பார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். இப்போது அண்ணன் சாவதற்கு அம்மனே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. போட்டது அம்மன் கூட இல்லை, இவள்.

"அண்ணா, இது தப்பு. கேள்விய இப்படித் திருப்பிக் கேக்கக் கூடாது..."

"எப்படிக் கேட்டா இன்னா? அவளுக்குப் புரியும்." அவர் போனில் எண்ணைத் தேடினார்.

பூசாரி மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தார். வீணா ஓடிப்போய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "பேடம்மா, பிரிக்காதீங்க!" என்று அவர் கத்துவதற்குள் நாரை அறுத்து இலையை விரித்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

அதிலும் வெள்ளை.

"நான்தாண்ணா. ரெண்டுலயும் வெள்ளையே வெச்சேன்."

பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பாயித்தும்மா, ரொம்பத் தப்பாயித்து" என்றார். கோவிந்தப்பா போனைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு பூவையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்துபோய் மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சிமென்ட் மேடையில் உட்கார்ந்தார். வீணாவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்றார் கோவிந்தப்பா. கோபமாகக் கேட்கவில்லை. எங்கோ வழி தவறிய வண்டிக்காரர் விசாரிப்பது மாதிரிதான் கேட்டார். "ஒனக்குத்தான் இதுல நம்பிக்கையே கெடயாதே. நம்பாதவளுக்கு எந்தப் பூ வந்தா இன்னா? நீ எதுக்கு ஏமாத்தணும்?"

"நீ நம்பறியே. சிவப்பு வந்துட்டா நீ வரமாட்டியே."

"அப்ப அம்மன் பேச்சைக் கேக்கற ஆளு நானு. அவ வாயைப் பொத்தினது நீ. வேணாம்னு சொல்றதுக்கு வழியே இல்லாம கட்டினா, அது எப்படிக் கேள்வி ஆவும்? நீ ஆபீஸ்ல இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவியா?"

வீணாவுக்கு முகம் சுட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடத்தை, கணினியைத் தொட்டே பார்க்காத அண்ணன் கோவில் மரத்தடியில் உட்கார்ந்து அவளுக்கு ஒப்பிக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் அவளும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

"சரி, நான் தப்பு. ஆனா நீ மட்டும் என்ன? ரெண்டு பொட்டலத்துல ஒண்ண எடுத்தா பாதிக்குப் பாதி வரும். அது அம்மன் சொல்றதா, தானா வர்றதான்னு நீ எப்படிண்ணா கண்டுபுடிப்ப? அவ்ளோ பெரிய டாக்டர், படிச்சவரு, எத்தனையோ ஆயிரம் பேரப் பாத்தவரு, அவரு சொன்னத நம்பமாட்ட. இலைல கட்டின பூவ நம்புவ."

"டாக்டர் சொன்னத நான் எங்கம்மா கேட்டேன்?" என்றார் கோவிந்தப்பா. "நான் பெஞ்சில உக்காந்துக்கினு இருந்தேன்."

வீணா கையில் மிஞ்சியிருந்த வெறும் இலையைச் சுருட்டினாள்.

"இருவது நிமிஷம் உள்ள இருந்த. கடிகாரத்தப் பாத்துக்கினே இருந்தேன். வெளிய வந்து ஒண்ணுமில்லன்னு சொன்ன. ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு இருவது நிமிஷம் எதுக்கு? ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கு. என் நெஞ்சுக்குள்ள இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியறதெல்லாம் ஒன் வாயால வந்ததுதான். நம்ம அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ காலேஜ்ல இருந்த. டாக்டர் என்னைத்தான் உள்ள கூப்ட்டாரு. ரெண்டு நாள் தாங்காதுன்னாரு. நான் வெளிய வந்து அம்மாட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்னு. அது எனக்குத் தெரிஞ்ச வார்த்த. அது எந்த எடத்துலேந்து வருதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்படி இல்லண்ணா..."

"அப்ப நான் யாரப் போயிக் கேக்கறது? லட்சுமம்மா அழுவா. நீ சிரிப்ப. எல்லாருக்கும் என் மேல பாசம். அம்மனுக்கும் பாசம் இருக்கும், ஆனா பொய் சொல்ற அளவுக்கு இருக்காது. அதான் இங்க வந்தேன்."

வீணா அழுதாள். அண்ணனுக்கு மூடநம்பிக்கை என்று மூன்று வாரமாக ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவருக்கு இருந்தது சந்தேகம். அதுவும் நியாயமான சந்தேகம், அவளே சபாஷ் போடும்படியான சந்தேகம். விவரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஏன் யோசிக்கமாட்டேன் என்கிறாய் என்று அவரிடம் சண்டை போட்டவள் இவள்தான்.

கோவிந்தப்பா எழுந்தார். "இன்னொரு தடவ கட்டு."

பூசாரி குறுக்கே வந்தார். "ஒரே கேள்விய ஒரே நாள்ல ரெண்டு தடவ கேக்கக் கூடாதுப்பா."

"அதே கேள்வின்னு யார் சொன்னா?" என்றார் கோவிந்தப்பா. வழக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகச் சமாளிக்கிறார் என்று வீணா நினைத்தாள்.

மறுபடியும் குழாயடிக்குப் போனாள். கேள்வி தெரியும் அவளுக்கு. ஆபரேஷன் இல்லாமல் விட்டுவிடலாமா? இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டிவிட்டால் முடிந்தது வேலை. அண்ணன் கூட வந்து பார்க்கவில்லை. மரத்தடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை ஏமாந்தவர், அவளுடைய ஆபீஸ் நியாயப்படி, இரண்டாம் தடவை நம்பவே கூடாது. பின்னாலேயே வந்து நின்று பார்க்க வேண்டும். ஏன் வரவில்லை? அது அவளுக்கு எவ்வளவு யோசித்தும் விளங்கவில்லை. விளங்காதபடியே ஒரு இலையில் வெள்ளையையும் இன்னொரு இலையில் சிவப்பையும் வைத்துக் கட்டினாள். கட்டிய பிறகு இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை என்று தோன்றியது.

மறுபடி கற்பூரம். கோவிந்தப்பா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார். மற்றதையும் எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பூசாரி ஏதோ சொல்ல வந்து, இன்றைக்கு எல்லா வழக்கமும் கெட்டாகிவிட்டது என்பதுபோலக் கையை விரித்துவிட்டு, வாசலில் வந்து நின்ற வேறு ஆட்களைக் கவனிக்கப் போய்விட்டார்.

"கண்ணாடிய வீட்ல வெச்சுட்டேன்" என்று கோவிந்தப்பா பொட்டலத்தைத் தங்கையிடம் நீட்டினார். "நீயே பாத்துச் சொல்லு."

வீணா திரும்பி நின்று பிரித்தாள்.

நந்தியாவட்டை. ஐந்து இதழும் விரிந்து, வெள்ளை வெளேரென்று.

கட்டிவிட்டுக் கொண்டுவந்து வைத்த பூக்கூடை காலடியிலேயே இருந்தது. அதில் செவ்வரளி நிறையக் கிடந்தது. குனிந்து ஒன்றை எடுத்துக் காட்டினால் போதும். அதுகூட வேண்டாம், சிவப்பு என்று வாயால் சொன்னாலே போதும். அந்த ஒரு சொல்லில் அண்ணன் பிழைப்பார். பொய்தான் சரி என்று அறிவு சொன்னது. அவளுக்கும் அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணுக்குள் வந்து நின்றார்.

"வெள்ளைண்ணா" என்றாள். சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "வெள்ளைதான் வந்துருக்கு. ஆனா நீ பூ பேச்சக் கேக்காதண்ணா. தயவு செஞ்சு இதக் கேக்காத. எனக்குப் பயமா இருக்கு."

கோவிந்தப்பா மடிப்பிலிருந்த மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. கண்ணுக்கு அருகே கொண்டுபோய் நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"சரி" என்று போய் மறுபடி மரத்தடி மேடையில் உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு. அந்த இருவது நிமிஷம் டாக்டர் இன்னா சொன்னாரு?"

சொன்னாள். மூன்று அடைப்பு எங்கெங்கே என்று சொன்னாள். விட்டுவிட்டால் பாதிப் பேர் இரண்டு வருஷம் தாண்டமாட்டார்கள் என்றாள். அவருக்கு இருக்கும் சர்க்கரையோடு, செய்தால் நூற்றில் ஆறு பேர். எதையும் குறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"ஆறு பேருதானா?" கோவிந்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பாதிக்கு மேல போயிடுவாங்கன்னு நெனச்சேன். நீ சிரிச்ச சிரிப்புக்கு நூத்துக்கு நூறுன்னே நெனச்சேன். ஆறுக்கா இவ்ளோ மறைச்ச?" அவர் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "தேதி வாங்கு."

"வெள்ளை வந்துருக்கேண்ணா. அம்மன் விட்டுடச் சொல்லிருக்காளே?"

"ரெண்டாவது தடவ நான் அம்மன்ட்ட ஒண்ணும் கேக்கலம்மா. உன்னைத்தான் கேட்டேன்."

வீணா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் மீறி அழுகைதான் வந்தது. அவர் பூக்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்கும் அம்மனுக்கும் இருக்கும் வழக்கைத் தான் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதில் அவருக்கு ஒன்றும் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. அது எப்படி என்று அவளுக்குக் கேட்க ஆசையாக இருந்தது. பத்து வருஷம் உட்கார்ந்து கேட்கலாம் போல இருந்தது. அதற்கு முதலில் பத்து வருஷம் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண், வரும் செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் மறுபடி ஒரு முறை பேச வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் வந்தால் போதும் என்றாள். வீணா அதை அண்ணனிடம் சொன்னாள்.

"நான்தான் உள்ள போவேன்" என்றார் கோவிந்தப்பா. "நீ வெளிய பெஞ்சில உக்காரு."

"தனியாவா? ஆறு பேருன்னு நான் சொன்னதச் சரிபாக்கவா?"

"அதையும்தான் கேப்பேன்."

வீணாவுக்கு வருத்தமாக இல்லை. கேட்க வேண்டியதுதானே! ஆனால் அந்த மூடிய கதவும், வெளியே தான் மட்டும் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பதும் மனசுக்குள் வந்ததும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போ. ஆனா வெளிய வந்து எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லக் கூடாது. எது சொன்னாலும் அப்படியே சொல்லணும். சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"எனக்கு எப்படித் தெரியும், நீ எதையும் மறைக்கலன்னு?"

கோவிந்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"தெரியாது" என்றார். "நம்பித்தான் ஆவணும்."